ஏழாவது உத்திரம்

எங்கள் பாலத்துக்கு அடியில் இருபது குறுக்கு உத்திரங்கள். எண்ணத் தொடங்குவது எங்கள் கரையிலிருந்து. ஏன் என்றால் பெயிண்ட் ஷெட் எங்கள் கரையில் இருக்கிறது. டப்பா, பிரஷ், கயிறு, தொங்குகிற தொட்டில் எல்லாம் இந்தப் பக்கம்தான். வேலை இங்கே ஆரம்பித்து அக்கரையில் முடியும். ஒரு முறை முழுக்க அடித்து முடிக்க மூன்று வருஷம் ஆகும். அதற்குள் முதலில் அடித்தது உரிய ஆரம்பித்திருக்கும், மறுபடி இங்கே வந்து நிற்போம்.

நான் இந்த வேலைக்கு வந்தது கல்யாணம் ஆன வழியில். என் மாமனார் முப்பத்தைந்து வருஷம் இந்தப் பாலத்தின் பெயிண்ட் மேஸ்திரி. பெயர் சொல்லிக் கேட்டால் தபால்காரருக்கே தெரியாது, மேஸ்திரி வீடு என்றால்தான் தெரியும். அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த ஒரே பிள்ளை, என் வீட்டுக்காரர், ஏணியில் மூன்றாவது படியில் கால் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவதுகூட நான்தான். அதனால் அவர் பால் வண்டி ஓட்டப் போனார், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாமனார் ஓய்வு பெற்றபோது பாலத்தில் தொங்க நான் போனேன். மாமனாருக்கு முதலில் வருத்தம், பிறகு பெருமை, இப்போது ஆள் பார்த்து இரண்டில் ஒன்று.

கூடத்துச் சுவரில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் மாட்டியிருக்கும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஏழாவது உத்திரத்தில் ஒரு விரிசலை மாமனார் கண்டுபிடித்து, தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். அவர்கள் ஆள் அனுப்பி, இரண்டு பக்கமும் கனத்த இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்கினார்கள். ‘உரிய நேரத்தில் தகவல் அளித்துப் பாலத்தைக் காத்தமைக்காக’ என்று ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. எங்கள் வீட்டுக்கு காஸ் சிலிண்டர் போட வருகிறவர்கூட இந்தக் கதையைக் கேட்காமல் வாசலைத் தாண்ட முடியாது. பதினாறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கேட்கிற மாதிரி தலை ஆடும், ஒரு வார்த்தையும் உள்ளே போகாது. அது என் தப்பு.

மாமனாரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் வீடு பாலத்திலிருந்து கூப்பிடு தூரம். லாரியோ பஸ்ஸோ பாலம் ஏறினால் தடதடவென்று சத்தம் கூடத்துக்குள் கேட்கும். கேட்டதும் அவர் அப்படியே நின்றுவிடுவார். பாதி வார்த்தை வாயில் இருக்கும், பாதிக் கவளம் கையில் இருக்கும். வண்டி அக்கரை சேர்ந்து சத்தம் அடங்கிய பிறகுதான் மீதி வார்த்தை வரும். பாலத்து மேல் அவருக்கு அவ்வளவு பாசம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மகள் சின்ன வயதில் அவர் மாதிரியே உறைந்து நின்று காட்டி, வந்தவர்களைச் சிரிக்க வைப்பாள்.

இந்த வருஷ ஆரம்பத்தில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாலத்துக்கு வயது தொண்ணூற்றிரண்டு ஆகிவிட்டது, வைத்துக்கொள்வதா கழற்றிப் போடுவதா என்று முடிவு செய்யப்போகிறோம், அடிப்பக்கம் முழுவதையும் வெறும் இரும்பு தெரிகிற வரை சுரண்டி வையுங்கள், பொறியாளர் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தது. கழற்றிப் போட்டால் அடுத்த பாலம் ஆற்றோட்டத்தில் இருபத்திரண்டு கிலோமீட்டர் கீழே. என் மகளின் பள்ளிக்கூடம் அக்கரையில். பால் சேர்க்கிற நிலையம் அக்கரையில். ஆஸ்பத்திரி அக்கரையில். இக்கரையில் பாதிப் பேர் அக்கரையில் பெண் கொடுத்தவர்கள், மீதிப் பாதி பெண் எடுத்தவர்கள். கடிதத்தைப் படித்த அன்று டீக்கடையில் ஒருத்தரும் ஒருத்தரையும் கிண்டல் செய்யவில்லை.

அடிப்பக்கத்தைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் வேலையை விட்டுப் போயிருந்தார். அதுவரை மேல்பக்கமே கதி என்று இருந்த எனக்குத் தொட்டில் வந்து சேர்ந்தது. நான்கு மூலையிலும் கயிறு கட்டிய பலகை அது. அதில் உட்கார்ந்தால் தலைக்கு மேல் உத்திரம், காலுக்குக் கீழ் ஆறு. மேலே நின்று கயிற்றைப் பிடித்து ஏற்றி இறக்கி நகர்த்துகிறவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓடும், அணைக்க வழியில்லை.

சுரண்டச் சுரண்டப் பாலத்தின் கதை வெளியே வந்தது. மேலே இருந்த வெள்ளிப் பூச்சு எனக்குத் தெரிந்தது, மேல்பக்கத்தில் நான் அடிக்கிற அதே வெள்ளி. அதற்குக் கீழே ஒரு பச்சை. எங்கேயோ மிஞ்சிப்போன பச்சையை ஒரு அதிகாரி எங்கள் தலையில் கட்டியதாகவும், மூன்று வருஷம் பாலம் வெற்றிலைக் கொடி மாதிரி நின்றதாகவும் மாமனார் சொல்வார். அதற்குக் கீழே சாம்பல் நிறம், இரண்டு தடவை. அதற்கும் கீழே பெயிண்டே இல்லை, காய்ந்த சேறு. பெரிய வெள்ளத்தில் ஆறு பாலத்தின் மேலேயே ஏறிப் போன வருஷம், கழுவக்கூடப் பொறுமையில்லாத எவனோ சேற்றின் மேலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறான். சேற்றுக்கு அடியில் தார் மாதிரி கறுப்பு. போர்க்காலத்தில் மேலேயிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று அடித்தது. எல்லாவற்றுக்கும் கீழே, இரும்போடு ஒட்டி, முதல் சிவப்பு.

இரண்டாவது உத்திரத்தில் அந்தச் சிவப்பில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் விரிந்த முழுக் கை. பெயிண்ட் காய்வதற்குள் வழுக்கிப் பிடித்திருக்க வேண்டும். என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், என்னுடையதைவிடக் கொஞ்சம் சின்னது.

மேலேயிருந்து எட்டிப் பார்த்த ரேடியோ, “அக்கா, முதல் ஆளு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க. நாம தொண்ணூறு வருஷம் லேட்டு” என்றான்.

அந்த இடத்தை மட்டும் சுரண்டாமல் விட்டேன். உத்தரவில் அதற்கு இடமில்லைதான். உத்தரவை மீறுகிற அந்த வீட்டுக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை ஏழாவது உத்திரத்துக்கு வந்தேன். சாம்பல் நிறம் உரிந்ததும் அடி விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு தெரிந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கோடு போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தேன், நகம் மாட்டியது. ஒரு சாண் நீளம் இருக்கும். அது முடிகிற இடத்தில் ஒரு வட்ட ஓட்டை, சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு. அதற்குள் பழைய பெயிண்ட் அடைத்துக்கொண்டிருந்தது.

விரிசல் என்று புத்திக்கு எட்டிய பிறகுதான் கடிகாரத்துக்குப் பக்கத்துச் சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. ஏழாவது உத்திரம். ஏழாவதில் தகடு இருக்க வேண்டுமே? மேலும் கீழும் தடவிப் பார்த்தேன். தகடும் இல்லை, போல்ட் இருந்த தடமும் இல்லை.

“தொட்டிலை நகர்த்து. எட்டாவதுக்குப் போ” என்றேன்.

“இது இன்னும் முடியலையேக்கா.”

“நகர்த்துன்னா நகர்த்து.”

எட்டாவதில் இல்லை. ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை எதிலும் இல்லை. பதினாலாவதில் இருந்தன. இரண்டு பக்கமும் கனத்த தகடு, வரிசையாக போல்ட், அழகான வேலை. அந்த உத்திரத்தின் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். கீறல்கூட இல்லாத இரும்பு. அக்கரையைப் பார்த்து விரல் விட்டு எண்ணினேன். இருபது, பத்தொன்பது, பதினெட்டு. அந்தப் பக்கமிருந்து எண்ணினால் இது ஏழாவது.

அலுவலகத்துக்காரர்கள் எண்ணுவது அக்கரையிலிருந்து. அவர்களுடைய சாலை அங்கேதான் தொடங்குகிறது, கிலோமீட்டர் கல்லும் அங்கிருந்துதான் எண்ணிக்கொண்டு வருகிறது. மாமனார் ‘ஏழாவது’ என்று எழுதினார், எந்தக் கரையிலிருந்து என்று எழுதவில்லை. அவருக்குக் கரை என்றால் ஷெட் இருக்கிற கரை ஒன்றுதான். வந்தவர்களுக்கும் கரை ஒன்றுதான், ஆனால் வேறு கரை. தாளில் ஏழு என்று இருந்தது, ஏழில் இறுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பெயிண்டுக்கு அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுக்கு இட்ட வேலை இல்லை. எனக்கு முன்னால் அடிப்பக்கம் பார்த்தவருக்கும் தகட்டின் மேல் பெயிண்ட் அடிப்பதுதான் வேலை, அது எத்தனாவது என்று எண்ணுவது இல்லை. ஆக, புண் ஒரு காலில், கட்டு மறு காலில். முப்பத்தொரு வருஷமாக.

மறுபடி ஏழாவதுக்கு வந்தபோது பகல் பஸ் பாலம் ஏறியது. கையை உத்திரத்தின் மேல் வைத்தேன். அது நடுங்கியது. எல்லா உத்திரமும் நடுங்கும், நடுங்குவதுதான் அதன் வேலை. ஆனாலும் பஸ் போய் முடியும் வரை நான் மூச்சு விடவில்லை. அந்தப் பஸ்ஸில்தான் என் மகள் மழை நாளில் பள்ளிக்கூடம் போவாள். காலையும் மாலையும் என் வீட்டுக்காரர் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு போவதும் இதன் மேல்தான்.

பக்கத்தில், துரு ஏறுகிற இடத்தில் தொட்டு வைக்கிற பிரைமர் டப்பா திறந்திருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பிரஷை அதில் தோய்த்தேன். ஒரே இழுப்பு. பொறியாளர் செவ்வாய்க்கிழமை வருவார், பளபளவென்று இருக்கும், பாலம் பிழைக்கும், மாமனாரின் சட்டமும் சுவரிலேயே இருக்கும். பிரஷ் சொட்டிக்கொண்டே இருந்தது, சொட்டு ஆற்றில் விழுந்துகொண்டே இருந்தது.

“என்னக்கா, சத்தத்தையே காணோம்?” என்றான் ரேடியோ.

“மேலே இழு. தலை சுத்துது” என்றேன். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அப்படிச் சொன்னேன். அவன் பயந்துபோய் ஒரு வார்த்தை பேசாமல் இழுத்தான்.

வீட்டில் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமனார் பின்பக்கம் கோழிக்கூட்டைச் சரி செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கேட்காதபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கவளத்தைத் தட்டில் வைத்தார். “அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. முப்பது வருஷமா தாங்கினது இன்னும் முப்பது வருஷம் தாங்காதா? பெயிண்ட் அடிச்சு மூடிடு.”

“அதுக்கு மேலதான் நீங்க தினம் போறீங்க.”

“நான் போறேன்ல? எனக்கே பயம் இல்ல, உனக்கென்ன?”

“ஏணியில மூணாவது படி ஏறப் பயப்படறவருக்கு இதுல மட்டும் எங்கிருந்து தைரியம் வந்துச்சு?”

அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “பாலம் போனா பொண்ணோட பள்ளிக்கூடம் போச்சு. உன் வேலை போச்சு. அதைக்கூட விடு. அந்தப் பத்திரம் ஒண்ணுதான் அவருக்கு இருக்கு. ஊரே சிரிக்கும்.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். “ஊர் சிரிச்சா சிரிக்கட்டும். ஊர் ஆத்துல விழக்கூடாது” என்று கத்திவிட்டேன்.

“யாரு ஆத்துல விழுறாங்க?” என்று கேட்டபடி மாமனார் உள்ளே வந்தார், கையில் சுத்தியல்.

இனி மறைத்துப் பயனில்லை. “மாமா, ஏழாவது உத்திரத்துல தகடு இல்ல” என்றேன்.

“உனக்குக் கண்ணு சரியில்ல.”

“தகடு பதினாலாவதுல இருக்கு. அவங்க அந்தக் கரையிலேருந்து எண்ணியிருக்காங்க.”

“நான் தெளிவா எழுதினேன்! ஏழுன்னு எழுதினேன்! என் கையால எழுதினேன்!” அவர் குரல் உயர்ந்தது. “நீ ஒன்பது வருஷம் பாத்திருப்பே. நான் முப்பத்தஞ்சு வருஷம் பாத்தவன். இறங்கிப் பாக்கத் தெரியாம எதையோ பாத்துட்டு வந்து...”

“நீங்க போய்ப் பாத்தீங்களா மாமா, தகடு போட்ட பிறகு?”

அவர் பார்க்கவில்லை என்பது எனக்கும் தெரியும். தகடு போட ஆட்கள் வந்த வாரம் அவர் குடல்வால் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதன் பிறகு டாக்டர் தொட்டிலில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டதால் மேல்பக்கத்தோடு சரி. அடிப்பக்கத்தை அவர் அப்புறம் பார்க்கவே இல்லை.

“விரிசல் அப்படியே இருக்கு மாமா. ஒரு சாண் நீளம். முனையில ஒரு ஓட்டை.”

சுத்தியல் பிடித்திருந்த கை இறங்கியது. “வட்டமாவா?” என்றார்.

“வட்டமாத்தான்.”

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கோபம் எல்லாம் வடிந்து முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அது நான் போட்டது” என்றார். “லெட்டர் எழுதி நாப்பது நாள் ஆச்சு, பதிலே வரல. தினம் இறங்கிப் பாப்பேன். தினம் ஒரு நெல்லு அளவு மேல ஏறியிருக்கும். மில்லுல பாய்லர் ரிப்பேர் பண்றவன் ஒருத்தன் எனக்குப் பழக்கம். அவன் சொன்னான், விரிசலுக்கு முனை கூரா இருக்கற வரைக்கும் கிழிச்சுட்டே போகும், முனையில வட்டமா ஒரு ஓட்டை போட்டுடு, நின்னுடும்னு. அவன்கிட்டயே கை டிரில்லை வாங்கிட்டு வந்து போட்டேன். அரசாங்க இரும்புல அனுமதி இல்லாம ஓட்டை போட்டா வேலையை விட்டே தூக்கிடுவாங்க. அதனால யார்கிட்டயும் சொல்லல. உங்கம்மாகிட்டகூடச் சொல்லல.”

“இத்தனை வருஷமாவாப்பா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“பாய்லர்காரன் பேச்சைக் கேட்டு உத்திரத்தையே கெடுத்துட்டேனோன்னு எனக்கு ஒரு பயம்டா. தகடு மூடியிருக்கு, தாங்கும்னு மனசைத் தேத்திப்பேன். ஆனா கனமான வண்டி போற சத்தம் கேட்டா...” அவர் முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையில்லை. பதினாறு வருஷமாக நாங்கள் பாசம் என்று நினைத்ததும், என் மகள் நடித்துக் காட்டி நாங்கள் சிரித்ததும் எதைப் பார்த்து என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் எங்கள் கண்ணெதிரே தினம் பத்துத் தடவை செத்துப் பிழைத்திருக்கிறார்.

மாமனாரே போனை எடுத்து என் கையில் கொடுத்தார். “பேசு. இப்பவே பேசு. மூடின தகடும் இல்லன்னு ஆன பிறகு ஒரு வண்டி போகக்கூடாது.”

வரப்போகிற பொறியாளர் ஒரு பெண், அவர் எண் கடிதத்தின் அடியில் இருந்தது. சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். சைக்கிளுக்கு மேல் கனமான வண்டி எதையும் விடாதீர்கள், நாளைக் காலையிலேயே வருகிறேன் என்றார். நானும் ரேடியோவும் போய் இரண்டு முனையிலும் காலி பெயிண்ட் டிரம்களை வைத்துக் கயிறு கட்டினோம். நடந்து போகலாம், சைக்கிள் போகலாம், அதற்கு மேல் கூடாது. அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அளவே இல்லை. பஸ் டிரைவர் ஒரு பக்கம், செங்கல் லாரிக்காரர் ஒரு பக்கம். “சும்மா கிடந்த பாலத்தைச் சுரண்டிச் சுரண்டியே கெடுத்துட்டா” என்று ஒரு அம்மாள் என் காதுபடச் சொன்னார். என் வீட்டுக்காரர் பால் கேன்களைச் சைக்கிளில் இரண்டிரண்டாகக் கட்டி, பதினோரு நடை தள்ளிக்கொண்டு போனார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி நடையில் மட்டும், “தண்ணி கொண்டு வந்தியா?” என்று கேட்டார். அது சமாதானக் கொடி என்று எனக்குத் தெரியும்.

பொறியாளர் ஜீப்பை அக்கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஷெட் வாசலில் மாமனார் துவைத்த சட்டை போட்டு, கவிழ்த்து வைத்த டிரம் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் வர வேண்டாம் என்று நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்.

“பதினாலாவது உத்திரம்தானே?” என்றார் பொறியாளர், அவர்கள் கரைக் கணக்கில்.

“ஏழாவது” என்றோம் நானும் மாமனாரும் ரேடியோவும் ஒரே நேரத்தில்.

அவர் எங்களைப் பார்த்தார், அக்கரையைப் பார்த்தார், பிறகு பையிலிருந்த பழைய கோப்பைப் பிரித்து, அதில் கரை குறிக்காமல் வெறும் ‘ஏழு’ என்று இருந்ததைப் பார்த்தார். “அட கடவுளே” என்றார்.

இரண்டு பேரும் தொட்டிலில் இறங்கினோம். அவர் விரிசலைத் துணியால் துடைத்து, ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, மேலாகத் துடைத்தெடுத்தார். பிறகு அந்த இடம் முழுவதும் வெள்ளைப் பொடியைத் தெளித்தார். உள்ளே இம்மியளவு வெடிப்பு இருந்தாலும் அதில் புகுந்த சிவப்பு வெளியே ஊறிப் பொடியில் தெரியும் என்றார். “பத்து நிமிஷம் காத்திருக்கணும்.”

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. கீழே ஆறு ஓடியது. மேலே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெள்ளைப் பொடியில் அடி விளிம்பிலிருந்து சிவப்புக் கோடு மெல்ல எழுந்தது. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை, ஒரு சாண். ஓட்டை வரை வந்தது. ஓட்டையைச் சுற்றி, ஓட்டைக்கு மேலே, பொடி வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவரை உலுக்கிக் கேட்கலாம் போல இருந்தது.

“தாண்டல” என்றார் கடைசியில். “ஒரு மயிரிழைகூடத் தாண்டல.”

மேலே வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “இந்த ஓட்டையைப் போட்டது யாரு?”

நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ரேடியோவுக்கு நேற்றே கதை தெரியும், அவனும் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும். மாமனார் டிரம்மிலிருந்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

“நான்தான் மேடம். அனுமதி இல்லாம போட்டேன். என்ன நடவடிக்கை எடுக்கணுமோ எடுங்க.”

“நீங்க ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?”

“ஒன்பது.”

“அப்ப சஸ்பெண்ட் பண்ண முடியாது” என்று சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் பொறியாளர் சிரிப்பை நிறுத்திவிட்டு அருகில் வந்தார். “ஐயா, இன்னைக்கும் விரிசலைப் பார்த்தா நாங்க முதல்ல பண்றது இதைத்தான். காலேஜ்ல இதைச் சொல்லிக் கொடுக்கறாங்க. நீங்க இந்த ஓட்டையைப் போடலைன்னா அது அந்த வருஷமே மேல வரைக்கும் கிழிச்சிருக்கும்.”

“தகடு...” என்றார் மாமனார்.

“தகடு முப்பத்தொரு வருஷமா ஒரு நல்ல உத்திரத்துல சும்மா உக்காந்திருக்கு. பாலத்தைப் பிடிச்சு நிறுத்தினது இந்த ஓட்டைதான்.”

மாமனார் திரும்பிப் பாலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் அழுது நான் பார்த்ததே கிடையாது. அன்றும் அவர் அழவில்லை, எங்கள் இருவருக்கும் சேர்த்து, பால் நடை முடித்து வந்து நின்ற என் வீட்டுக்காரர் அழுதார், காலி பால் கேனைப் பிடித்துக்கொண்டு.

மீதி உத்திரங்களைப் பார்க்க இரண்டு நாள் ஆனது. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பாலம் இருக்கும். பதினாலாவதில் சும்மா இருந்த தகடுகளைக் கழற்றி ஏழாவதில் பொருத்த ஆட்கள் வந்தார்கள். இந்த முறை அவர்கள் தொட்டிலில் இறங்கும்போது நானும் கூடவே இறங்கி, உத்திரத்தில் கையை வைத்து, “இது” என்று காட்டினேன். ஓட்டை இருக்கும் இடத்தில் தகட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டச் சொல்லியிருந்தார் பொறியாளர், வருஷா வருஷம் பார்ப்பதற்கு. பிறகு இருபது உத்திரத்திலும் இரண்டு இரண்டு எண் எழுதினேன். எங்கள் கரையிலிருந்து எண்ணினால் வெள்ளை, அவர்கள் கரையிலிருந்து எண்ணினால் மஞ்சள். இரண்டாவது உத்திரத்துச் சிவப்புக் கையைப் பொறியாளர் பார்த்துவிட்டார். ஏன் சுரண்டவில்லை என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். “தொடர்ந்து மறந்துடுங்க” என்றார்.

சட்டத்தை இறக்கிவிடலாமா என்று மாமனாரிடம் கேட்டேன். இருக்கட்டும் என்றுவிட்டார்.

டிரம்களை எடுத்து எல்லா வண்டியும் ஓட ஆரம்பித்த வாரம் காஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தார். வழக்கம்போலச் சட்டத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டார். “இதுல எழுதியிருக்கே, அது பாதிதான் சரி” என்று மாமனார் ஆரம்பித்தார். “நான் ஏழுன்னு எழுதினேன். எந்தப் பக்கமிருந்துன்னு எழுதல. அது என் முட்டாள்தனம். இப்ப ஓட்டைக் கதைக்கு வர்றேன், கேளு.” கதை முன்பைவிட இரண்டு மடங்கு நீளமாகியிருந்தது. பாய்லர்காரன் வந்தான், நெல் அளவு வந்தது, கை டிரில் வந்தது. நான் டீ ஊற்றிக்கொண்டு வந்தேன்.

அப்போது செங்கல் லாரி பாலம் ஏறியது. முழுச் சுமை, சத்தத்திலேயே தெரிந்தது. தடதடவென்று கூடத்து ஜன்னல் அதிர்ந்தது. மாமனார் கையால் துளை போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார், “இப்படிச் சுத்தணும், அவசரப்பட்டா டிரில் பிட்டு உடைஞ்சிடும்” என்று. லாரி ஐந்தாவது உத்திரம் தாண்டியது, ஆறாவது, ஏழாவது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். அக்கரை சேரும் வரை உறைந்து நின்றது நான்தான்.

“என்னம்மா நின்னுட்ட?” என்றார் மாமனார். “டீயைக் கொடு, ஆறுது.”